மேகத்தின் பசி – 11: அதிகாலை நான்கு மணி

போன வாரம் உங்களை வட வர்ஜீனியாவில் மாலை ஏழு மணிக்கு நிறுத்திவிட்டு வந்தேன். 2024 ஜூலை 10, புதன்கிழமை. அறுபது டேட்டா சென்டர்கள் ஒரே மூச்சில் மின்தொகுப்பை விட்டுக் கழன்றுகொண்டன. 1,500 மெகாவாட் தேவை கண்மூடித் திறப்பதற்குள் காணாமல்போனது. புயல் இல்லை, மின்வெட்டு இல்லை, சதிகாரர்கள் யாரும் இல்லை. அப்படியென்றால் சுவிட்சை அணைத்தது யார் என்று கேட்டு முடித்திருந்தேன்.

யாரும் அணைக்கவில்லை. கட்டடங்களே கையை உதறிக்கொண்டு போயின.

நடந்தது இதுதான். 230 கிலோவோல்ட் மின்தடம் ஒன்றில், மின்னலைத் தாங்குவதற்காக மாட்டியிருந்த கருவி பழுதானது. இப்படி ஏதாவது நேர்ந்தால் லைன் தானாக ட்ரிப் ஆகும். பிறகு, சரியாகிவிட்டதா பார்ப்போம் என்று தானாகவே மறுபடி இணைந்து பார்க்கும். மரக்கிளை உரசியது போன்ற சின்ன விவகாரம் என்றால் அதற்குள் விலகியிருக்கும். இங்கே கருவியே செத்துப்போயிருந்தது. இணைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் குப்புற விழுந்தது. 82 நொடிக்குள் ஆறு முறை.

வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைத்திருப்பவர்களுக்கு மீதிக் கதை புரிந்துவிடும். வோல்டேஜ் ஆடினால் 'டக்' என்று ஒரு சத்தம். சில நிமிடம் பொறுத்துத்தான் கரண்ட்டை மறுபடி உள்ளே விடும். டேட்டா சென்டர்களின் யூ.பி.எஸ்ஸிலும் அப்படி ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். ஒரு நிமிடத்துக்குள் மூன்று தடவை வோல்டேஜ் சரிந்தால், இந்த லைனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று முடிவுகட்டி, சொந்த பேட்டரிக்கும் ஜெனரேட்டருக்கும் தாவிவிடுவான். ஸ்டெபிலைசராவது தானாக மனம் மாறும். இவன் மாறமாட்டான். ஆள் போய்க் கையால் மாற்றிவிட்டால்தான் பழைய லைனுக்குத் திரும்புவான்.

ஒரு கட்டடத்துக்கு இது நல்ல பாதுகாப்பு. அக்கம்பக்கத்தில் அத்தனை கட்டடங்களும் ஒரே மாதிரி கணக்குப் பார்த்தால்? கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது கயிறு அறுந்தால் என்ன ஆகும்? இறைப்பவர் மல்லாந்து விழுவார். மின்தொகுப்பும் அன்று கொஞ்சம் மல்லாந்தது. வாங்க ஆளில்லாத மின்சாரம் பெருகி வோல்டேஜ் ஏறியது. ஃப்ரீக்வென்சி ஏறியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் அவசர அவசரமாக வோல்டேஜை இறக்கினார்கள். நல்ல வேளை, பெரிதாக எதுவும் கெடவில்லை. வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தலைக்கு மேலே என்ன போயிற்று என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது.

மின்தொகுப்பை நடத்துபவர்களுக்குத் தெரிந்தது. மின் நிலையம் திடீரென்று நின்றுபோனால் என்ன செய்வது என்று அவர்கள் பல தலைமுறையாகப் பாடம் படித்தவர்கள். வாடிக்கையாளர் திடீரென்று எழுந்து போனால் என்ன செய்வது என்பதற்குப் பாடப் புத்தகம் இனிமேல்தான் எழுத வேண்டும்.

அடுத்த அடி இருபதே நாளில் விழுந்தது. இந்த முறை கணக்குப் புத்தகத்தில்.

*

பி.ஜே.எம். என்று ஓர் அமைப்பு. பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, மேரிலாந்து ஆகிய மூன்றின் முதலெழுத்துகள். 1927-ல் சில மின் நிறுவனங்கள் தங்கள் கம்பிகளைப் பிணைத்துக்கொண்டதில் தொடங்கியது. இன்று 13 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலுமாக 6.5 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மின்சாரம் போய்ச் சேர்வதை இதுதான் பார்த்துக்கொள்கிறது. நம் அறுபது கட்டடங்களும் இதன் எல்லைக்குள்தான்.

இவர்கள் விசித்திரமான ஓர் ஏலம் நடத்துவார்கள். அதில் வாங்குவது மின்சாரத்தையே இல்லை, ஒரு வாக்குறுதியை. கொளுத்தும் வெயிலிலோ கொல்லும் பனியிலோ தேவை உச்சத்துக்குப் போகும் நாளில், கூப்பிட்டால் கட்டாயம் வருவேன் என்று மின் நிலையங்கள் கொடுக்கும் வாக்கு. கல்யாணச் சமையல்காரருக்கு ஆறு மாதம் முன்னால் கொடுக்கிற அட்வான்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாள் குறைவாகவும் கல்யாணம் அதிகமாகவும் இருக்கும் வருடம் அவர் என்ன கேட்பார்?

2024 ஜூலை 30 அன்று முடிவு வந்தது. முந்தைய ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலர். இப்போது 269.92 டாலர். ஒன்பது மடங்குக்கும் மேல். மொத்த அட்வான்ஸ் 220 கோடி டாலரிலிருந்து 1,470 கோடி டாலருக்குத் தாவியது. பழைய நிலையங்கள் மூடப்பட்டது, விதிகள் மாறியது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வரிசையில் புதிதாக வந்து நின்று சாப்பாடு கேட்டவை டேட்டா சென்டர்கள். இந்தக் காசு மறு வருடம் ஜூன் முதல் வீட்டு மின் கட்டணத்தில் வந்து உட்கார்ந்தது. செயற்கை நுண்ணறிவிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிராத பாட்டியின் பில்லிலும்தான்.

எவ்வளவு பெரிய பசி இது? அமெரிக்க எரிசக்தித் துறைக்காக லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் கணக்கெடுத்தது. 2023-ல் அந்நாட்டின் மொத்த மின்சாரத்தில் 4.4 சதவீதத்தை டேட்டா சென்டர்கள் தின்றன. 2028-ல் அது 6.7 முதல் 12 சதவீதம் வரை போகலாம் என்றார்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் அகலத்தைப் பாருங்கள். நிபுணர்களுக்கே அவ்வளவு தடுமாற்றம்.

கம்பெனிகளுக்குத் தேவை மூன்று. பகல் இரவு பாராமல் வருகிற மின்சாரம். புகை விடாத மின்சாரம். இப்போதே வருகிற மின்சாரம். சூரிய ஒளி இரவில் இல்லை. எரிவாயு புகை விடும். 2030-க்குள் வெளியிடும் கரியைவிட அதிகம் உறிஞ்சிக் காட்டுகிறேன் என்று 2020-ல் சபதம் போட்ட மைக்ரோசாஃப்ட், 2024-ல் வெளியிட்ட அறிக்கையில் தன் கரி வெளியீடு 2020-ஐவிடச் சுமார் 29 சதவீதம் கூடியிருப்பதாக ஒப்புக்கொண்டிருந்தது. மேலும் எரிவாயுவைக் கொளுத்திவிட்டு என்ன முகத்தோடு அடுத்த அறிக்கை எழுதுவது?

அணு உலை? ஜார்ஜியா மாநிலத்து வோக்டலில் இரண்டு புதிய உலைகள் கட்டினார்கள். ஏழு வருடத் தாமதம். 3,000 கோடி டாலருக்கும் மேல் செலவு. இரண்டாவது உலை 2024 ஏப்ரலில்தான் வேலைக்கு வந்தது. அவ்வளவு காலம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை.

புதிதாகக் கட்ட நேரமில்லை என்றால், ஏற்கெனவே கட்டி, ஓட்டி, பூட்டிப்போட்ட உலை ஏதாவது கிடைக்குமா?

கிடைத்தது. சஸ்குஹானா நதியின் நடுவே, ஒரு தீவில். அந்தத் தீவின் பெயரைச் சொன்னால் ஒரு தலைமுறை அமெரிக்கர்கள் இன்னமும் ஒரு நொடி மௌனமாவார்கள்.

*

த்ரீ மைல் ஐலண்ட். பென்சில்வேனியாவின் தலைநகர் ஹாரிஸ்பர்க்கிலிருந்து தெற்கே சுமார் 16 கிலோமீட்டர். ஆற்று நடுவே நீண்டு கிடக்கும் மேடு. அதன் மேல் இரண்டு அணு உலைகள், இடுப்பு சிறுத்த நான்கு குளிரூட்டும் கோபுரங்கள். முதல் உலை 1974-ல் வணிக உற்பத்திக்கு வந்தது. இரண்டாவது, 1978 டிசம்பர் 30-ல். அது வந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை.

1979 மார்ச் 28, புதன்கிழமை. அதிகாலை நான்கு மணி.

முதல் உலை எரிபொருள் மாற்றுவதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. அங்கே தண்ணீரைச் சுத்திகரிக்கும் பகுதியில் ஒரு அடைப்பு. பணியாளர்கள் மணிக்கணக்காக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் களேபரத்தில் நீராவிப் பக்கத்துக்குத் தண்ணீர் தள்ளும் பம்புகள் நின்றுபோயின. டர்பைன் நின்றது. எட்டாவது நொடியில் உலையும் தானாக நின்றது. இதுவரை எல்லாம் வடிவமைத்தபடியே நடந்தது. பயப்பட எதுவுமில்லை.

உலைக்குள் அழுத்தம் ஏறியதால் அதை வெளியேற்ற மேலே ஒரு வால்வு திறந்துகொண்டது. பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி. அழுத்தம் இறங்கியதும் அது மூடிக்கொள்ள வேண்டும். மூடவில்லை. திறந்த வாக்கிலேயே சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்க வேண்டிய தண்ணீர் அந்த வழியாக வெளியேறத் தொடங்கியது.

கட்டுப்பாட்டு அறையில் இந்த வால்வுக்கென்று ஒரு சின்ன விளக்கு உண்டு. அது அணைந்திருந்தது. அணைந்திருந்தால் வால்வு மூடியிருக்கிறது என்று அங்கிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் 'மூடு' என்ற மின் உத்தரவு போய்விட்டது என்பது மட்டும். வால்வு கேட்டதா, கேட்கவில்லையா என்பது அதற்குத் தெரியாது. வேலைக்காரனை அனுப்பிவிட்டேன், ஆகவே வேலை முடிந்துவிட்டது என்று எஜமான் நினைத்துக்கொள்வதுபோல ஒரு விளக்கு. அந்த ஒரு விளக்கை நம்பியதில் ஓர் உலை போனது.

இன்னொரு கூத்தும் உண்டு. அவசரத்துக்குத் தண்ணீர் தள்ளும் மாற்று பம்புகள் சரியான நேரத்தில் ஓடத் தொடங்கின. ஆனால் அவற்றின் பாதையில் இருந்த வால்வுகள் மூடிக் கிடந்தன. முந்தைய பராமரிப்புச் சோதனையின்போது மூடியவற்றை யாரும் திறந்து வைக்கவில்லை. அதைக் காட்டும் விளக்குகளில் ஒன்றைப் பராமரிப்புச் சீட்டு ஒன்று தொங்கி மறைத்துக்கொண்டிருந்தது. கண்டுபிடிக்க எட்டு நிமிடம் ஆனது.

அபாய மணிகள் நூற்றுக்கும் மேல் ஒரே நேரத்தில் அலறின. ஒவ்வொரு எச்சரிக்கையையும் ஒரு கணினி, காகிதத்தில் வரிசையாக அச்சடித்துக் கொடுக்க வேண்டும். எச்சரிக்கைகள் வந்த வேகத்துக்கு அந்த அச்சு இயந்திரத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. மணிக்கணக்கில் பின்தங்கியது. உலை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால், எப்போதோ எப்படி இருந்தது என்று அது அச்சடித்துக்கொண்டிருந்தது.

பணியில் இருந்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. கடற்படையின் அணுசக்திப் பிரிவில் பழகி வந்தவர்கள். அங்கே படித்த பாடம்தான் அவர்களைக் கவிழ்த்தது. உலையோடு இணைந்த அழுத்தக் கலத்தில் தண்ணீர் விளிம்புவரை நிரம்பவே கூடாது என்பது அவர்களுக்கு வேதம். மானியில் மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. நிரம்பப்போகிறது என்று பயந்து, உள்ளே வந்துகொண்டிருந்த அவசரத் தண்ணீரைக் குறைத்தார்கள். உண்மையில் உலை வறண்டுகொண்டிருந்தது. உள்ளே கொதித்து எழுந்த நீராவி, மட்டத்தைப் பொய்யாக ஏற்றிக் காட்டியது.

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இப்படியே போனது. கடைசியில், புதிதாக வந்து சேர்ந்த ஒருவருக்குத்தான் பொறி தட்டியது. அவர் சொல்லி, அந்தக் குழாயில் இருந்த இன்னொரு அடைப்பு வால்வை மூடினார்கள். மணி ஆறரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் தாமதமாகிவிட்டது. எரிபொருள் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது. இது அன்று யாருக்கும் தெரியாது. மூன்று வருடம் கழித்து, 1982-ல் ஒரு கேமராவை உள்ளே இறக்கிப் பார்த்தபோது, எரிபொருள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் பெரிய வெற்றிடம்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஆளுநர் டிக் தார்ன்பர்க், ஐந்து மைல் சுற்றளவில் இருக்கும் கர்ப்பிணிகளும் பள்ளி செல்லும் வயது வராத குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்றார். சொன்னது அவர்களுக்கு மட்டும். கிளம்பிப் போனது சுமார் 1,40,000 பேர். போதாக்குறைக்கு, அணு உலை விபத்தை வைத்து எடுத்த 'தி சைனா சிண்ட்ரோம்' என்ற ஹாலிவுட் படம் விபத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் திரைக்கு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அதிபர் ஜிம்மி கார்ட்டரே வந்து அந்தக் கட்டுப்பாட்டு அறையில் நின்றார். அவரும் கடற்படை அணுசக்திப் பிரிவில் இருந்தவர். 1952-ல் கனடாவின் சாக் ரிவர் உலை விபத்துக்குப் பிறகு அதைச் சுத்தம் செய்யப் போன குழுக்களில் ஒன்றில் இளம் அதிகாரியாக இருந்தார். ஆகவே சும்மா புகைப்படத்துக்கு வந்தவர் என்று தள்ளிவிட முடியாது. அடுத்த பத்தாவது நாள் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார்.

அந்தக் குழுவுக்குத் தலைவராகப் போட்ட ஆள்தான் இந்த அத்தியாயத்துக்கே காரணம். அவர் அணு உலைக்காரர் இல்லை. இன்று நாம் கிளவுட் என்று சொல்கிறோமே, அதற்கு ஒரு விதத்தில் பாட்டனார்.

*

ஜான் கெமெனி. 1926-ல் புடாபெஸ்டில் பிறந்த யூதர். ஹிட்லருக்குத் தப்பி 1940-ல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். பிரின்ஸ்டனில் மாணவராக இருக்கும்போதே லாஸ் அலமோஸுக்கு, அணுகுண்டுத் திட்டத்தின் கணக்கு வேலைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். பிறகு சில காலம் ஐன்ஸ்டீனுக்குக் கணித உதவியாளர். இவ்வளவையும் இருபத்தைந்து வயதுக்குள் முடித்துவிட்டார். நமக்கெல்லாம் அந்த வயதில் பைக் வாங்குவதே சாதனை.

டார்ட்மவுத் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். அறுபதுகளின் தொடக்கத்தில் கணினி என்பது கோயில் கர்ப்பகிரகம் மாதிரி. உள்ளே பூசாரிகளுக்கு மட்டும் அனுமதி. நீங்கள் துளையட்டைக் கட்டைக் கொண்டுபோய் ஜன்னலில் கொடுக்க வேண்டும். விடை நாளைக்கு வரும். ஒரு கமா தப்பாகப் போயிருந்தால் நாளை மறுநாள்.

கெமெனியும் அவர் சகா தாமஸ் கர்ட்ஸும் இதை மாற்ற நினைத்தார்கள். கிராண்ட்மாஸ்டர் ஒருவர் ஒரே நேரத்தில் இருபது பேரோடு சதுரங்கம் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பலகையிலும் சில நொடி நின்று ஒரு காய் நகர்த்திவிட்டு அடுத்ததற்குப் போவார். எதிரே இருப்பவர் யோசிப்பதற்குள் சுற்றித் திரும்பி வந்துவிடுவார். கணினியும் அப்படி ஆடினால் என்ன? மனிதன் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்ததைத் தேடும் நேரத்தில் அது இன்னும் பத்துப் பேரைக் கவனித்துவிடுமே.

1964 மே 1. அதிகாலை நான்கு மணி. ஆமாம், அதே நான்கு மணி. கல்லூரிக் கட்டடத்தின் நிலவறையில் ஜெனரல் எலெக்ட்ரிக் கணினி ஒன்று. அதோடு இணைந்த தட்டச்சு முனையங்கள் இரண்டில் கெமெனியும் ஒரு மாணவரும் ஒரே நேரத்தில் 'ரன்' என்று தட்டினார்கள். இரண்டிலும் சரியான விடை வந்தது. இதற்காகவே அவர்கள் உருவாக்கிய எளிய மொழிக்குப் பெயர் பேசிக். எண்பதுகளில் இங்கே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்கள் பலருக்கு முதல் பாடமே அதுதான்.

தூரத்தில் ஒரு பெரிய கணினி. அதன் நேரத்தைச் சிறு சிறு துண்டாக்கிப் பலர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அது தனக்கே சொந்தம் என்ற நினைப்பு. 2006-ல் அமேசான் ஒரு மணி நேரத்துக்குப் பத்து சென்ட் என்று கணினியை வாடகைக்கு விட்டதும் இதே வித்தைதான், ஆயிரம் மடங்கு பெரிதாக. லாஸ் அலமோஸில் ஒரு வருடம் முழுக்கப் போட்ட கணக்கை டார்ட்மவுத் மாணவன் ஒரு பிற்பகலில், பிறரோடு கணினியைப் பங்குபோட்டுக்கொண்டே முடித்துவிடுவான் என்று கெமெனி பின்னாளில் எழுதினார்.

இப்படிப்பட்டவரிடம்தான் கார்ட்டர் தீவை ஒப்படைத்தார். அப்போது அவர் டார்ட்மவுத் கல்லூரியின் தலைவர். பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஆறு மாதம் குடைந்தது. 1979 அக்டோபர் இறுதியில் அறிக்கை தந்தது. வால்வையும் பம்பையும் மட்டும் குற்றம் சொல்லி நிறுத்தாமல், அடிப்படைக் கோளாறு மனிதர்களிடமும் அமைப்பிலும் இருக்கிறது என்றார் கெமெனி. பயிற்சி சரியில்லை. கட்டுப்பாட்டு அறை மனிதனுக்கு ஏற்ற மாதிரி இல்லை. உலைகள் பாதுகாப்பானவையே என்ற மனப்போக்கு, கண்காணிக்க வேண்டிய அரசு ஆணையத்திலேயே ஊறிப்போயிருக்கிறது. வெளியேறிய கதிர்வீச்சு மிகக் குறைவு, மக்கள் பட்ட பெரும்பாடு மனஉளைச்சல்தான் என்பதையும் அதே நேர்மையோடு எழுதினார்கள்.

கெமெனி 1992-ல் காலமானார். தான் விசாரித்த தீவுக்கும் தான் தொடங்கிவைத்த வித்தைக்கும் ஒரு நாள் சம்பந்தம் பேசப்போகிறார்கள் என்று அவர் கனவு கண்டிருக்க வாய்ப்பில்லை.

*

இரண்டாவது உலையைத் துப்புரவு செய்ய 1993 வரை ஆனது. செலவு சுமார் 100 கோடி டாலர். அது இனி ஓடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் வந்த செய்திகளில், உருகிப்போன உலையைத் திறக்கிறார்கள் என்ற அர்த்தத்தில் தலைப்பு போட்டவர்கள் உண்டு. கிளிக் கிடைத்திருக்கும். உண்மை கிடைக்கவில்லை.

கதை இனி முதல் உலையைப் பற்றியது. விபத்து நடந்தபோது சும்மா இருந்த ஒரே பாவத்துக்காக ஆறு வருடத்துக்கும் மேல் அதை முடக்கிவைத்தார்கள். வழக்குகள், போராட்டங்கள் தாண்டி 1985 அக்டோபரில் மறுபடி ஓடத் தொடங்கியது. அதன் பிறகு முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு வருடம் ஒழுங்காக ஓடியது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அணு உலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அதை வீழ்த்தியது விபத்தில்லை. விலை. பென்சில்வேனியாவின் பூமிக்கடியில் பாறையை உடைத்து எடுத்த எரிவாயு சந்தையில் கொட்டியது. மின்சாரம் சல்லிசானது. ஒற்றை உலையை வைத்துக்கொண்டு அந்த விலைக்கு விற்க எக்ஸெலான் நிறுவனத்தால் முடியவில்லை. அரசு கைகொடுக்காவிட்டால் மூடுவோம் என்று 2017-லேயே அறிவித்தது. அரசு கொடுக்கவில்லை. உரிமம் 2034 வரை இருந்தும், 2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை நண்பகலில் உலையை அணைத்தார்கள். எரிபொருளை வெளியே எடுத்தார்கள். ஊழியர்கள் கலைந்து போனார்கள்.

சரியாக ஐந்து வருடம். நாள்கூடப் பிசகவில்லை. 2024 செப்டம்பர் 20, அதுவும் வெள்ளிக்கிழமை. எக்ஸெலானிலிருந்து பிரிந்து வந்த கான்ஸ்டலேஷன் நிறுவனம் அறிவித்தது: உலையை மீண்டும் ஓட்டப்போகிறோம். வாங்குபவர் மைக்ரோசாஃப்ட். 835 மெகாவாட், அதாவது கூடங்குளத்து உலை ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவு. ஒப்பந்தம் 20 வருடத்துக்கு. டர்பைன், ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், குளிரூட்டும் ஏற்பாடு, கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் புதுப்பிக்க 160 கோடி டாலர். 2028-ல் தொடக்கம் என்றார்கள். பிறகு அதையும் 2027-க்கு முன்னே இழுத்தார்கள். பசிக்கு அவசரம்.

ஒன்றே ஒன்றை மட்டும் திரும்பக் கொண்டுவரவில்லை. பெயரை. எக்ஸெலானின் முன்னாள் தலைவர் கிறிஸ் கிரேன் நினைவாக அது இனி கிரேன் கிளீன் எனர்ஜி சென்டர். த்ரீ மைல் ஐலண்டிலிருந்து மின்சாரம் வாங்குகிறோம் என்று விளம்பரத்தில் போட முடியாதல்லவா.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். அடுத்த வாரக் கதை இதில்தான் தொங்குகிறது. தீவிலிருந்து மைக்ரோசாஃப்ட் கட்டடத்துக்குத் தனிக் கம்பி போகப்போவதில்லை. உலையின் மின்சாரம் பி.ஜே.எம். என்ற பொதுக் குளத்தில் விழும். மைக்ரோசாஃப்ட் அதே அளவுக்குக் காசு கொடுத்துவிட்டு, தன் டேட்டா சென்டர்களுக்கு அந்தக் குளத்திலிருந்து மொண்டுகொள்ளும். கம்பிக்கும் கோபுரத்துக்கும் ஆகும் செலவில் எல்லோரையும்போல அதுவும் பங்கு கொடுக்கும்.

குளத்துக்கே போகாமல், மதகிலேயே குழாயைச் சொருகினால் என்ன?

இந்த யோசனை, அதே நதியில் மேல்நீரோட்டத்தில், பெர்விக் ஊருக்கு அருகே உதித்தது. அங்கே டாலென் நிறுவனத்தின் சஸ்குஹானா அணு மின் நிலையம். இரண்டு உலைகள், சுமார் 2,500 மெகாவாட். அதன் பக்கத்திலேயே எழுந்த டேட்டா சென்டர் வளாகத்தை 65 கோடி டாலருக்கு அமேசான் வாங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்பே, 2024 மார்ச்சில் இது வெளியானது. உலையிலிருந்து வேலியைத் தாண்டி நேராகக் கட்டடத்துக்குள் மின்சாரம். பொதுக் கம்பியைத் தொடவே வேண்டாம். தொடாத கம்பிக்கு எதற்குக் காசு?

இப்படி எடுத்துக்கொள்ள 300 மெகாவாட்டுக்கு ஏற்கெனவே அனுமதி இருந்தது. அதை 480 ஆக்கித் தாருங்கள் என்று விண்ணப்பம் போனது. உடனே இரண்டு மின் நிறுவனங்கள் எழுந்து நின்றன. உலை நின்றுபோனால் அந்தக் கட்டடம் எங்கே ஓடி வரும்? எங்கள் கம்பிக்குத்தானே? இவர்கள் கொடுக்காத பங்கு, வருடத்துக்கு 14 கோடி டாலர் வரை மற்ற வாடிக்கையாளர்கள் தலையில் விழும் என்று மனு கொடுத்தன. அவற்றில் ஒன்று எக்ஸெலான். தீவின் உலையை அணைத்த அதே எக்ஸெலான்.

மனு, கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் மேசைக்கு வந்தது. ஆணையத்தில் ஐந்து பேர். அமேசான் மட்டுமில்லாமல், அணு உலைக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கம்பெனிகளும் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தன.

2024 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை. ஐவரில் இருவர் பங்கேற்கவில்லை. மீதி மூன்று பேரும் வாக்களித்தார்கள். முடிவு இரண்டுக்கு ஒன்று. தோற்ற பக்கத்தில் தனியாக நின்றவர், ஆணையத்தின் தலைவர் வில்லி ஃபிலிப்ஸ்.

(தொடரும்)